பையில் தொங்கிய பொய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் அழகையா குடிக்கமாட்டார். தீபாவளிக்கும் குடிக்கமாட்டார், செத்த வீட்டிலும் குடிக்கமாட்டார். அண்ணி ரெங்கம்மாவை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. இதை ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், இதற்கு நேர்மாறாக அட்டையில் அச்சடித்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றிருக்கிறார்கள். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் கொழுந்து பறித்தவர் அண்ணி. ஒரு மழை நாளில் சரிவில் விழுந்ததில் முழங்கால் போய்விட்டது. மூன்று மாதம் படுக்கை. "இப்பிடியே படுத்துக் கெடந்தா பைத்தியந்தான் புடிக்கும்" என்று சொல்லி, யாரோ விற்ற பழைய தையல் மெஷினை வாங்கிப் போட்டார். துணிக்கு எங்கே போவது? பண்டாரவளையில் மொஹிதீன் நானா பழைய உடுப்புகளை மலைபோல் குவித்து விற்பார். யாரும் சீண்டாத கிழிந்த டெனிம், கை கழன்ற ஜாக்கெட், சாயம் போன திரைச்சீலை எல்லாம் அண்ணிக்குத்தான். அதையெல்லாம் பையாக்கினார். சும்மா சொல்லக்கூடாது, தோளில் மாட்டினால் இறக்க மனம் வராது.

லயத்து வரிசையில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் காம்பரா எவ்வளவு பெரிது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மெஷின் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளே போகிறவர் வயிற்றை எக்கிக்கொண்டுதான் போகவேண்டும். அண்ணி மிதித்துக்கொண்டே, "என்னாங்க, ஒல பொங்குது, மூடியத் தெறங்க!" என்று கத்துவார். ஏழு வயது மகள் மதுஷா வெட்டிய துணிக் குவியல் மேல் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சம்பலில் நூல் கிடக்கும், எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட வேண்டியதுதான்.

அண்ணன் டவுனில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவர். நாலு மணிக்கு வந்து, முகம் கழுவி, வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பாதி பிளேடை எடுப்பார். பழைய உடுப்பின் தையலைப் பிரிப்பது அவர் வேலை. லேசான வேலை என்று நினைக்காதீர்கள். பிளேடு ஒரு நூல் தள்ளிப் போனால் துணி போச்சு. அவர் ஒவ்வொரு தையலாக அறுத்து, ஜிப்பைத் தனியே, பொத்தானைத் தனியே எடுத்து வைப்பார். "அவரு பிரிச்சாத்தான் துணி, நான் பிரிச்சா கந்தல்" என்பார் அண்ணி.

லயத்து ஆம்பளைகள் சும்மா இருப்பார்களா? "என்னா அழகையா, பொண்டாட்டிக்கு நூல் பிரிக்கிறியா?" என்று கேட்பார்கள்.

"பின்ன, ஒன் பொண்டாட்டிக்கா பிரிக்கிறது?" என்பார் அண்ணன், தலையை நிமிர்த்தாமல்.

அந்த மனுஷனைப் பற்றித்தான் அப்படி எழுதினார்கள்.

போன வருஷம் எல்ல டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு மேடம் லயத்துக்கே வந்தார். மேடமாம் மேடம்! மாதம் முப்பது பை எடுப்பதாகச் சொன்னார். அண்ணியை மெஷினோடு படம் பிடித்தார். சிங்களத்தில் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். புருஷன் பிரிப்பார், நான் தைப்பேன் என்று அண்ணி உள்ளதைத்தான் சொன்னார். அடுத்த மாதம் ஒரு பெட்டி நிறைய அட்டைகள் வந்தன. அண்ணியின் படம், கீழே இங்கிலீஷில் நாலு வரி. ஒவ்வொரு பையிலும் ஒன்று கட்டி அனுப்ப வேண்டுமாம்.

கட்டியது யார்? அண்ணன்தான். ஓட்டை போட்டு, சணல் நூல் கோர்த்து, முடிச்சு வெளியே தெரியாமல் ஒவ்வொன்றாகக் கட்டினார். போதாததற்கு ஓர் அட்டையைப் பண்டாரவளைக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார்.

நான் எட்டு வருஷமாகக் கொழும்பில் ஒரு உடுப்புக் கடையில் வேலை செய்கிறேன். இங்கிலீஷ் அங்கே பழகியதுதான். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது அண்ணன் என் பையைக்கூட இறக்கவிடவில்லை.

"தனுஜா, நில்லு நில்லு. மதுஷா இங்கிலீசு வாசிக்கிறா, கேளு. வாற ஆளுங்களுக்கெல்லாம் வாசிச்சுக் காட்டுறா!"

பிள்ளை கைகட்டி நின்று, எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தாள். ஒரு வார்த்தைக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். 'குடிகாரக் கணவனின் அடியிலிருந்து தப்பித்த தேயிலைத் தோட்டத்துப் பெண் தைத்தது. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பையும் அவளுடைய கண்ணீரைத் துடைக்கும்.' வாசித்து முடித்ததும் அண்ணன் கைதட்டினார்.

நல்லா இருக்குண்ணே என்று சொன்னேனா, சொல்லவில்லையா, நினைவில்லை.

பீலித் தண்ணீரில் டெனிம் துவைத்துக்கொண்டிருந்த அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அண்ணி துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"யாரு அடிச்சா? எந்த நாய் சொன்னிச்சு எம் புருஷன் அடிச்சாருன்னு? எங் கண்ணீர இவளுக தொடைக்கிறாளுகளா?" என்று கத்தியவர், சட்டென்று குரலை இறக்கினார். "அவருக்குத் தெரியக்கூடாது தனுஜா. தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவாரு. நாளைக்கே எல்ல டவுனுக்குப் போவோம். அந்த அட்டைய எடுக்கச் சொல்லணும்."

அந்த அட்டையைச் சுவரிலிருந்து இறக்க, அன்று சாயந்தரமே கத்தரிக்கோல் பிடியால் சட்டத்துக் கண்ணாடியை அண்ணியே உடைத்தார். பந்து பட்டுவிட்டது என்று பழியைப் பிள்ளை மேல் போட்டார். அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. வேறு கண்ணாடி போடலாம் என்றார்.

மறுநாள் அந்த மாதத்துப் பைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். சாக்கைத் தூக்க நான் வருகிறேன் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். கடை வாசலில் அவரை நிறுத்திவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

நான் இங்கிலீஷிலேயே கேட்டேன், இந்தப் பொய் எதற்கு என்று. மேடம் சிரித்தார். "இதெல்லாம் வியாபாரத்துக்குத்தான். சந்தோஷமாக இருக்கிற பொம்பளையின் பையை யார் வாங்குவார்கள்? தைக்கிறவர்களுக்கு வாசிக்கத் தெரியாதே, பிறகென்ன?"

வாசிக்கத் தெரியாதே! அதை அப்படியே அண்ணியிடம் தமிழில் சொன்னேன். அண்ணி நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார்: "புருஷன் பிரிக்கிறார், நான் தைக்கிறேன் என்று எழுதுங்கள்." அது விலை போகாது, இந்த அட்டை இல்லாமல் ஒரு பையும் எடுக்கமாட்டேன் என்றார் மேடம். வேறு வாங்குகிற ஆளும் எங்களுக்கு இல்லை. அது அண்ணிக்கும் தெரியும். தெரிந்துதான் மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தார். கடையில் மாட்டியிருந்த பைகளிலிருந்து அட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டிக் கீழே போட்டார்.

மேடத்துக்குச் சிரிப்பு போய்விட்டது. "புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று எழுதினால் உனக்கென்ன குறைந்துபோச்சு? தோட்டத்தில் எவன் குடிக்காதவன்?" என்று சிங்களத்தில் கடை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

தோட்டத்தில் குடிக்கிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். எங்கள் லயத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் இல்லையா? அதற்காக என் அண்ணன் தலையில் எழுதுவீர்களா?

சத்தம் கேட்டு அண்ணன் உள்ளே ஓடிவந்தார். அப்போது பை வாங்க நின்ற ஒரு வெள்ளைக்காரி கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள், அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், ஓடிவந்த அண்ணனைப் பார்த்தாள். சட்டென்று அண்ணியின் தோளைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். பாவம், அவள் நல்லவள். அதுதான் தாங்கமுடியவில்லை.

அண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, அந்த அட்டையில என்னையப் பத்தியா எழுதியிருக்கு?"

"ஆமாண்ணே."

"எரநூறு கட்டினேனே" என்றார்.

ஒரு பையையும் கொடுக்காமல் சாக்கோடு வெளியே வந்தோம். தெரு நிறைய வெள்ளைக்காரர்கள். அண்ணியும் நானும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் அண்ணனைக் காணோம். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருவின் அந்தப் பக்கமாக, யாரோ வேற்று ஆள் மாதிரித் தலையைக் குனிந்து வந்துகொண்டிருந்தார். பெண்டாட்டிக்குப் பக்கத்தில் நடக்க அவருக்குப் பயமாகிவிட்டது.

அண்ணிக்கு வந்ததே கோபம்! வாகனம் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல், நொண்டிக்கொண்டே தெருவைக் கடந்து போனார்.

"எதுக்கு அங்கிட்டு நடக்குறீங்க? என்னா தப்பு செஞ்சீங்க நீங்க? கையக் குடுங்க!"

"எல்லாரும் பாக்குறாங்க ரெங்கம்மா..."

"பாக்கட்டும்! கையக் குடுங்கன்னு சொல்றேன்ல!"

எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் தெருவில் கைகோர்த்து நடக்கும் வழக்கமெல்லாம் கிடையாது. அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்து, வாயில் வந்தபடி ஏசிக்கொண்டு, தரதரவென்று நடுத்தெருவில் இழுத்துக்கொண்டு போனார். பார்த்தவர்கள் இவள்தான் புருஷனை அடிக்கிறவள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.