நிச்சயத்துக்கு வந்த புடவை

என் நாத்தனாரை நினைத்தால், தேரடி வீதித் துணிக்கடையில் அவள் ஒரு புடவையைப் புரட்டிப் போடுகிற காட்சிதான் முதலில் வரும். எழுபதுகளின் கடைசி. நான் கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த புதிது. கடைக்காரர் ஜரிகை மினுங்கும் பக்கத்தை விரித்துக் காட்டுவார். இவள் அதைத் திருப்பி, உள்பக்கம் நூல் அறுந்து தொங்குகிறதா என்று பார்ப்பாள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். இழைகளுக்கு நடுவே தெரு தெரிந்தால் நெசவு நெருக்கமில்லை என்று அர்த்தம். கடைசியாக ஓரத்தைக் கசக்குவாள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் போதும், "துணி கம்மி, கஞ்சி ஜாஸ்தி. ரெண்டு தண்ணி பட்டா கொசுவலைதான்" என்பாள், கடையே திரும்பிப் பார்க்கிற குரலில். அவளை அடக்க என்னால் முடிந்ததே இல்லை. உண்மையைச் சொன்னால் அடக்க ஆசைப்பட்டதும் இல்லை, எனக்கு அது நல்ல வேடிக்கை.

அந்த வாயால் ஒரு சம்பந்தம் முறிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த புடவையைத் தடவிப் பார்த்து, சாயம் நிற்காது என்று சபையிலேயே சொல்லிவிட்டாள். புடவையும் போனது, மாப்பிள்ளையும் போனார். பிறகு வெகு காலம் யாரும் வரவில்லை. அதனால் செங்கத்திலிருந்து ஒரு பஸ் கண்டக்டரின் வரன் அமைந்து நிச்சயதார்த்த நாளும் வந்தபோது, என் மாமியார் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போனார். "அவ வாயத் தொறக்காமப் பாத்துக்கம்மா. இதுவும் போச்சுன்னா அவ்ளோதான்" என்று கண் கலங்கினார்.

மாப்பிள்ளை வீட்டுப் புடவையைத் தட்டில் வாங்கிக்கொண்டு, அவளுக்குக் கட்டிவிட உள்ளறைக்குப் போனேன். மாம்பழ நிறம், அரக்குக் கரை. தொட்டதும் அவள் கை நின்றுவிட்டது.

"அண்ணி, இது பட்டு இல்ல."

"யம்மா, உன் கால்ல விழறேன், பேசாம கட்டு."

அவள் கேட்கவில்லை. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை இழுத்துத் தீக்குச்சியால் கொளுத்தினாள். பட்டாக இருந்தால் சுருண்டு, முடி கருகும் நாற்றம் வரும். இது குப்பென்று பற்றியது, காகிதம் எரிந்த வாசனை. நல்லவேளையாக, அவள் ஒன்றும் பேசாமல் கட்டிக்கொண்டு வந்து சபையில் உட்கார்ந்தாள்.

கெடுத்தவர் மாப்பிள்ளைதான். "உங்களுக்குத் துணி நல்லாத் தெரியும்னு சொன்னாங்க. நானே தேடி எடுத்தேன், எப்படிங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டார். நான் அவள் முதுகில் கிள்ளினேன்.

"கலரு நல்லா இருக்குங்க. நெசவும் நெருக்கமா இருக்கு, நெய்ஞ்சவங்க ஒழுங்காதான் நெய்ஞ்சிருக்காங்க" என்றவள் கொஞ்சம் நிறுத்தி, "ஆனா பட்டு இல்லீங்க. வித்தவன் உங்கள ஏமாத்திட்டான்" என்றாள்.

அவருடைய அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. என் மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும், நாள் முழுக்கச் சில்லறைச் சண்டை பார்த்த மனிதர் இல்லையா, கோபப்படவில்லை. "அப்படியா! எத வெச்சுங்க கண்டுபுடிச்சீங்க?" என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் கஞ்சியும் கரையும் இழையுமாக விளக்க, அவர் கேட்டுக்கொண்டே இருக்க, பாயசம் ஆறிப்போனது. கடைசியில் அவருடைய அம்மாவே சிரித்துவிட்டார்.

முகூர்த்தப் புடவை எடுக்கப் பெண்ணைக் கூட்டிப்போகிற வழக்கம் அப்போது எங்கள் வீடுகளில் இல்லை. மாப்பிள்ளை எங்கள் வாசலில் வந்து நின்று, "நீங்களே வந்து பாத்து எடுங்க" என்று கூப்பிட்டார். துணைக்கு நானும் ஆரணிக்குப் போனேன். தறிக்காரர் முதல் புடவையை விரித்ததுமே மாப்பிள்ளை அதைப் புரட்டிப் போட்டார், வெளிச்சத்தில் பிடித்தார், ஓரத்தைக் கசக்கினார். "இது வேணாங்க, கஞ்சி ஜாஸ்தி" என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததைக் கேட்டார். இவள் ஏதாவது சொல்வாள் என்று திரும்பிப் பார்த்தேன். பட்டும் ஜரிகையுமாகப் புடவைகள் முன்னால் குவிந்து கிடந்தன. என் நாத்தனார் ஒன்றையும் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.