கொப்பியின் இடப்பக்கம்

காலை ஆறு இருபது. அப்புத்தளையில் பனிமூட்டம் விலகவில்லை. கைபேசியில் முதலில் கண்ணில் பட்டது நான் எடுத்த படம்: நெருக்கமாக எழுதிய ஒரு கொப்பிப் பக்கம், வலது ஓரத்தில் ஒரு கட்டைவிரல். எட்டு வரி எண்களைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். அனுப்பியவர் எல்லோரும் ‘கணக்கு சேர்’ என்று கூப்பிடும் ஆசிரியர். கீழே ஒரே வரி: “அண்ணே, என்னைய கள்ளன்னு சொல்றாங்க.”

தெமோதரைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் அவர் கணக்கு படிப்பித்தார். தானே செஸ் விளையாடும் கணினி நிரல் ஒன்றை நான்கு வருடங்களாக எழுதி, அத்தகைய நிரல்கள் ஒன்றோடொன்று மோதும் இணையப் போட்டியில் சேர்த்திருந்தார். நிரல் சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும் என்பது அங்கே கடுமையான விதி. அவர் குடியிருந்த லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மின்சாரம் அடிக்கடி போய்விடும் என்பதால் எல்லாவற்றையும் முதலில் கொப்பியில் எழுதுவார். இடப்பக்கத்தில், எவரும் படிக்கலாம் என்று வெளியிடப்பட்ட வேறொருவரின் நிரலைப் பார்த்து எழுதுவார். அது புரிந்த பிறகு வலப்பக்கத்தில் தன்னுடையது. பிள்ளைகளுக்கும் அதே பழக்கம்: இடப்பக்கம் கரும்பலகைக் கணக்கு, வலப்பக்கம் அவர்களே அமைக்கும் கணக்கு.

பத்திரிகைக்காக அவரைப் பார்க்கப் போன மாலை, வாசலில் ஒரு தகப்பன் நின்று சிரித்தார். “கம்ப்யூட்டருக்கே வெளையாடப் படிச்சுக் குடுக்கிறீங்க. நம்ம பயலுக்கு வாய்ப்பாடு ஏறலையே, சேர்?”

“கம்ப்யூட்டர் சொன்ன பேச்சக் கேக்குதுங்க,” என்றார் சேர்.

அவர் விரித்துக் காட்டிய கொப்பியில் வலப்பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். இடப்பக்கம் அச்சுப்போல இருந்தது. அதைப் படமெடுத்து, “அவரே உருவாக்கிய நிரலின் ஒரு பக்கம்” என்று குறிப்பு எழுதினேன். எந்தப் பக்கம் யாருடையது என்று கேட்கவில்லை. செய்தி வந்ததும் அவரே பெருமையோடு அதைப் போட்டிக் குழுவில் பகிர்ந்தார். அந்த எண்கள் வேறொருவரின் நிரலில் உள்ளவை என்று அடையாளம் காணக்கூடியவர்கள் அங்கே இருந்தார்கள்.

தவறு என்னுடையது என்று அமைப்பாளர்களுக்கு எழுதினேன். நண்பரின் சாட்சி போதாது என்றார்கள். சேர் வலப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். பிறகு எழுதியிருக்கலாம் என்றார்கள். நிரலையே அனுப்பினார், சில இடங்கள் அந்த வேறொருவரின் நிரலோடு ஒத்திருந்தன. “படிச்சது கொஞ்சம் உள்ள ஒட்டத்தானே செய்யும், அண்ணே,” என்றார் என்னிடம். எனக்கு நிரல் வாசிக்கத் தெரியாது. எவ்வளவு அவருடையது என்று அன்றும் என்னால் சொல்ல முடியவில்லை, இன்றும் முடியாது. பத்திரிகை உள்பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போட்டது. என் படக்குறிப்பை மொழிபெயர்த்துப் படித்தவர்கள் அந்தத் திருத்தத்தைத் தேடவில்லை. போட்டிப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

பண்டாரவளை பஸ் நிலையத்தில் எப்போதாவது சந்திக்கிறோம். உடம்பு எப்படி என்று விசாரிப்பார். செஸ் பற்றிப் பேசுவதில்லை. பிள்ளைகளிடம் இப்போது இடப்பக்கத்தை வெறுமையாக விடச் சொல்கிறாராம்.

படம் இன்னும் பத்திரிகையின் இணையத்தளத்தில் இருக்கிறது. அன்று வாசலில் நல்ல காற்று. கொப்பி மூடிக்கொள்ளாதபடி யாராவது வலப்பக்கத்தை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஓரத்தில் தெரியும் கட்டைவிரல் என்னுடையது.