ஊதினால் வரும்

உதட்டில் வைத்ததும் முதலில் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வாசனை, அதற்குப் பிறகு நாக்கு நுனியில் சாவியைக் கடித்தது போன்ற ஒரு புளிப்பு. டிவி கேம் கேசட்டை ஊதிப் பழகியவர்களுக்கு இந்த இரண்டையும் நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் எங்கள் ஜீவனஹள்ளியில், டிவியோடு வயரால் இணைத்து விளையாடும் ஒரு பெட்டி இருந்தது. அதன் தலையில் ஒரு பிளவு. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கேசட்டைச் செருகினால் ஆட்டம் வரும் என்பது ஏற்பாடு. பாதி நாள் வராது. திரை முழுக்கக் 'கோடு கோடா' ஓடும். உடனே கேசட்டைப் பிடுங்கி, அதன் திறந்த அடிப்பக்கத்தை மவுத் ஆர்கன் மாதிரி உதட்டோடு சேர்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஊதிவிட்டு மறுபடி செருக வேண்டும். உள்ளே தூசி இருக்கிறது, ஊதினால் போய்விடும் என்பதை எங்களில் யாரும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. இதை எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் தெரியாது.

ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடுகளும் ஒரே குழாயுமாக இருந்த 'வட்டாரா' எங்களுடையது. பெட்டி கடைசி வீட்டு ஷீலாவுடையது. அவள் அப்பா செல்வராஜ் அங்கிள் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு கம்பெனி பஸ் ஏறப் போகிறவர் என்பதால் வட்டாராவில் அவருக்குத் தனி மரியாதை இருந்தது. ஷீலா வீட்டில் ஒரு சட்டம் உண்டு: யார் ஊதி ஆட்டம் வருகிறதோ அவர்களுக்குத்தான் 'ஃபர்ஸ்ட் சான்ஸ்'. எனக்கு அப்போது பத்து வயது. விளையாட்டில் நான் படுமட்டம், சுவரில் முட்டியே சாவேன்; ஊதுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. காரணம் கேட்டவர்களிடம், எங்கள் அப்பா தங்கவயலில் பூமிக்கு அடியில் வேலை செய்தவர், அவருக்கு இதைவிடப் பத்து மடங்கு மூச்சு, அதில் கொஞ்சம்தான் எனக்கு வந்திருக்கிறது என்று அளந்துவிடுவேன்.

அப்பா சுரங்கத்தில் பதினெட்டு வருடம் இருந்தவர். சுரங்கம் இன்றைக்கு மூடும், நாளைக்கு மூடும் என்ற பேச்சு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த நாளில், இனி காத்திருந்து பயனில்லை என்று வேலையை விட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் வந்துவிட்டார். வந்த கொஞ்ச நாளிலேயே வட்டாராவில் அவர் பெயர் 'மரியாதை தெரிஞ்ச மனுசன்'. வெளியே போய்த் திரும்பினால் நேராக வீட்டுக்கு வரமாட்டார். கேட்டருகே நின்று முதல் வீட்டுக்காரரிடம் பையன் படிப்பைப் பற்றி விசாரிப்பார், குழாயடியில் நின்று தண்ணீர் வந்ததா என்று கேட்பார், மூன்றாவது வீட்டு வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டுவார், அப்புறம்தான் எங்கள் வீடு. கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் பதிலை மற்றவர்கள் நீட்டிச் சொல்ல விடுவார். எல்லாரிடமும் இப்படிப் பிரியமாக இருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருக்கும். அவர் நின்றதெல்லாம் மூச்சு வாங்கத்தான் என்று தெரிந்தபோது அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தார்.

அந்த வருடம் எங்கள் வீடு முழுக்க ஒரே ஒரு எதிர்பார்ப்புதான் இருந்தது: செல்வராஜ் அங்கிள் அப்பாவைத் தன் தொழிற்சாலையில் சேர்த்துவிடப் போகிறார். இரும்புச் சாமான்களைத் தேய்த்து மெருகேற்றும் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள். சேருமுன் டாக்டர் பார்ப்பார். ஆனால் "அது சும்மா பேருக்குண்ணா, நான் ஒரு வார்த்த சொன்னா போதும்" என்று அங்கிள் சொல்லியிருந்தார். அம்மா அதற்குள் அப்பாவின் பழைய டிபன் கேரியரைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று எடுத்துவைத்துவிட்டாள். திங்கட்கிழமை காலையில் இருவரும் சேர்ந்து பஸ் ஏறுவது என்று முடிவானது. அதற்கு முந்தின ஞாயிறு மதியம், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று கேட்டுக்கொள்ள அப்பா செல்வராஜ் அங்கிள் வீட்டுக்கு வந்தார். அம்மா அன்று தன் அக்காவைப் பார்க்கப் போயிருந்தாள். நானும் ஷீலாவும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

கேசட் அன்று பார்த்து அடம்பிடித்தது. ஷீலா ஊதினாள், நான் ஊதினேன், பேச்சை நிறுத்திவிட்டு அங்கிளே எழுந்துவந்து கன்னம் உப்ப ஊதிப் பார்த்தார். கோடுதான். "உன் மூச்செல்லாம் இவ்ளோதானா?" என்று ஷீலா என்னைச் சீண்டினாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கேசட்டைத் தூக்கிக்கொண்டு நேராக அப்பாவிடம் போய் நின்றேன்.

"எங்கப்பா ஊதினா வரும். மைன்ஸ்ல வேல செஞ்சவரு."

அப்பா சிரித்தார். "நீயே ஊது கண்ணு" என்றார். நான் விடவில்லை. "பிடும்மா, பெரியவங்க பேசிக்கினு இருக்கோம்ல" என்று, 'விடு' என்பதற்குக் கன்னடத்து 'பிடு'வைக் கலந்து, கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அவர் அப்படிக் கெஞ்சி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதைக்கூடக் கவனிக்காமல் கேசட்டை அவர் கையில் திணித்தேன். அவர் ஒருதரம் அங்கிளைப் பார்த்தார், ஒருதரம் என்னைப் பார்த்தார். பிறகு கேசட்டை உதட்டில் வைத்து ஊதினார்.

தண்ணீர் வருவதற்கு முன் குழாயில் வெறும் காற்று வருமே, அந்தச் சத்தம். அவ்வளவுதான் வந்தது. அடுத்த நொடி இருமல் பிடித்துக்கொண்டது. அது நிற்கவே இல்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார், கழுத்து நரம்பு புடைத்தது, உதடு சாம்பல் பூத்தது. அங்கிள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். இந்த நேரத்தில் ஷீலா, அப்பா கையிலிருந்து விழுந்த கேசட்டை எடுத்துப் பெட்டியில் செருகியிருக்கிறாள். பின்னாலிருந்து திடீரென்று ஆட்டத்தின் பாட்டு கேட்டது. திரையில் கோடு இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குதித்தேன். "பாத்தீங்களா, எங்கப்பா ஊதினதும் வந்துச்சு!" என்று கை தட்டினேன். அப்பா இருமிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

செல்வராஜ் அங்கிள் கெட்டவர் இல்லை. தண்ணீர் குடித்த தம்ளரைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, "அங்க டஸ்ட் ஜாஸ்திண்ணா. உங்களுக்கு ஒத்துக்காது. நான் வேற எடம் பாக்கறேன்" என்று மெதுவாகச் சொன்னார். மறுநாள் காலை அவர் மட்டும் பஸ் ஏறினார். ஆள் எடுப்பதைத் தள்ளிவைத்துவிட்டார்களாம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மா டிபன் கேரியரைப் பரணில் ஏற்றினாள். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அதைச் சொல்லியாவது அழுது தீர்த்திருப்பேன்.

வேறு இடம் கிடைக்கவில்லை. அம்மா கார்மெண்ட்ஸில் தைக்கப் போனாள்; அப்பா ஒரு குடோனில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். மூன்றாம் வருடம் அதற்கும் போக முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு குழாயை வாயில் கொடுத்து "ஊதுங்க" என்றதும் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, எல்லாம் புரிந்துவிட்டது. நுரையீரல் முழுக்கக் கல் தூசி, பல வருடத்துத் தூசி என்று டாக்டர் சொன்னார். மழைக்காலம் முடியுமுன் அப்பா போய்விட்டார்.

அந்தத் தொழிற்சாலைத் தூசியில் சேர்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்பார் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் தண்ணீர் விடும் நாளில் குழாயைத் திறந்துவைத்துவிட்டு நான் அந்த இடத்தில் நிற்பதில்லை. காற்று வந்து முடிந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் போவேன். வீட்டில் இதைக் கேலி செய்கிறார்கள், செய்துகொள்ளட்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் போன மாதம் ஆபீஸில் நடந்த ஒரு கூட்டம். வைட்ஃபீல்டில் நான் வேலை செய்யும் சின்ன கம்பெனியில், விற்பனைக்குப் போகும் சாமான்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எங்கள் இளவட்டங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு புதுப் பெட்டி செய்திருக்கிறார்கள். பார்க்கப் பழசு, உள்ளே புதுசு, கேசட் போட்டு விளையாடுவது. வெளியிட்டால் ஓடுமா, இதில் அர்த்தம் இருக்கிறதா என்று எல்லாரையும் கேட்டார்கள். அந்தக் காலத்துப் பெட்டியைத் தொட்டவள் அந்த அறையில் நான் ஒருத்திதான் என்பதால் எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். செல்போனில் ஆயிரம் ஆட்டம் சும்மா கிடைக்கிறது. கேசட்டை எவன் மெனக்கெட்டு மாற்றுவான்? வாங்குகிறவர்கள் என் வயதுக்காரர்கள்தான். ஆசையாக வாங்குவார்கள், ஒரு ஞாயிறு விளையாடுவார்கள், அப்புறம் டிவிக்குப் பக்கத்தில் அது பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட்ட ஆட்களைப் பெட்டிக்குள் வைத்து விற்க முடியாதே என்றேன். இருந்தாலும், ஒரே ஆட்டத்தை அலுக்காமல் ஆடுவது எப்படியென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது காட்டினாலும் காட்டும் என்றும் சொன்னேன். ஆசைக்கும் சந்தேகத்துக்கும் நடுவில் வழவழவென்று பேசிக்கொண்டிருந்தேன் என்பதுதான் நிஜம்.

அப்போதுதான் பெட்டியை வடிவமைத்த நவீன், "நீங்கள்லாம் ஊதுவீங்கல்ல மேடம்? அதுல ஒண்ணுமே இல்ல, தெரியுமா?" என்று சிரித்தான். தூசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். கேசட் சரியாக உட்காராததுதான் கோளாறு. கழற்றி மறுபடி மாட்டும்போது எப்போதாவது சரியாக உட்கார்ந்துவிடும், ஆட்டம் வந்துவிடும். "ஊதினதால எச்சி பட்டுத் துருதான் பிடிச்சிருக்கும். நீங்க ஊதாம மாட்டியிருந்தாலும் வந்திருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நவீன் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனான்: ஆனாலும் ஜனங்களுக்கு அந்த 'ஃபீல்' வேண்டும், அதனால் இந்தப் புதுக் கேசட்டுக்குள் ஒரு குட்டி மைக் வைத்திருக்கிறோம், பலமாக ஊதினால்தான் ஆட்டம் தொடங்கும். ஊதிப் பாருங்கள் என்று என் கையில் கொடுத்தான். நான் ஊதவில்லை. கழற்றினேன், மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன். இருட்டுத் திரையில் ஓர் உதட்டுப் படம் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தேவையே இல்லாத மூச்சை இன்றைக்குக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க ஜீவனஹள்ளி போனேன். வட்டாரா இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கட்டிடம். அப்பா நின்று நின்று வந்த இடமெல்லாம் ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். செல்வராஜ் அங்கிள் குடும்பம் காலி செய்துகொண்டு போய் வெகுகாலம் ஆகிறது. அம்மா அடுத்த தெருவில் இருக்கிறாள். இத்தனை வருடம் மறைத்ததை இன்றைக்குச் சொல்லிவிடுவது, அப்பாவின் வேலை போனது என்னால்தான் என்று சொல்லிவிடுவது என்று முடிவோடுதான் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஆபீஸ் பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"அந்த டிவி கேமா? உங்கப்பா அத்த எவ்ளோ தபா சொல்லிகிறாரு தெரியுமா? யார் யாரோ ஊதினாங்களாம், வரலியாம். நான் ஒரு தபா ஊதினேன், வந்துருச்சு, புள்ள குதிச்சுக் குதிச்சுக் கை தட்டிச்சுன்னு, ஆஸ்பத்திரில கடைசியாக்கூட சொல்லிக்கினு இருந்தாரு. நாலு வார்த்த பேசினா மூச்சு முட்டும். அத்தச் சொல்லும்போது மட்டும் திணறவே மாட்டாரு."

இருமலைப் பற்றி அப்பா அம்மாவிடம் சொல்லவே இல்லை. எனக்குக் குற்றமாகிப்போன அந்த ஞாயிற்றில் கைதட்டலை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்குமுன் அம்மாவே கேட்டாள்.

"நெசமாவே அவரு ஊதித்தான் வந்துச்சாடி?"

"ஆமாம்மா," என்றேன். "அப்பா ஊதித்தான் வந்துச்சு."

திங்கட்கிழமை காலையில், வெளியிட்டுப் பாருங்கள், ஆனால் ஊதுவதை எடுத்துவிடுங்கள், ஊத முடியாதவர்களும் அந்தப் பெட்டி முன்னால் உட்காருவார்கள் என்று எழுதி அனுப்பினேன். நவீன் முகம் வாடிப்போனது. வட்டாரா போனது, பெட்டி போனது, அப்பா போனார். அவர் தன் மூச்சால் வரவழைத்த அந்த ஓர் ஆட்டமும் நவீன் சொன்னதோடு போனது. அம்மாவைப் பொறுத்தவரை அது இன்னும் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும்.