கடல்பாசியில் விழுந்த கோடு

நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் சீனி போட்டுக் கடல்பாசி காய்ச்சுவது என் வேலை. மதுரையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கேயும் அதே பாசி பொடியாக டப்பாவில் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அங்கே நான் வாயே திறந்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், திருமங்கலத்துக் கறிக்கடைக்காரர் ஒருவர் வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். ஆட்டுக்கறி என்று சொல்லி மாட்டுக்கறி விற்றதாக அவர்மேல் புகார். கடையைப் பூட்டிவிட்டார்கள். கறித்துண்டு சோதனைக்காக எங்களிடம் வந்திருந்தது.

"நாலு நாளாச்சுக்கா கடை தொறந்து. இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தச் சோதனையைத் தினமும் பார்த்துப் பார்த்து எனக்கும் விளங்கியிருந்தது. கண்ணாடித் தட்டில் பாசியை ஊற்றி உறையவைத்து, அதில் சிறு குழிகள் வெட்டுவார்கள். நடுக்குழியில் முயலின் ரத்தநீர், அதாவது ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர். அந்த முயலுக்கு முன்பே ஆட்டின் ரத்தநீரை ஊசி போட்டிருப்பார்கள். அதனால் ஆட்டுப் பொருளை எதிர்த்துப் பிடிக்கும் சக்தி அதில் இருக்கும். சுற்றிலும் ஒரு குழியில் நாங்களே வாங்கிய ஆட்டுக்கறியின் சாறு, ஒன்றில் மாட்டுக்கறிச் சாறு, ஒன்றில் புகாருக்கு வந்த கறியின் சாறு. எல்லாம் பாசிக்குள் மெல்லப் பரவும். ஆட்டுச் சாறும் முயலின் நீரும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பிடித்துத் திரண்டு, வெள்ளைக் கோடாக நிற்கும். மாட்டுச் சாற்றுக்குக் கோடு வராது.

மறுநாள் தட்டில் ஒரு கோடும் இல்லை.

"ஆடு இல்ல போல" என்று சோதனை செய்த டெக்னீஷியன் முடிவை எழுத அவசரமாகப் பேனாவை எடுத்தார். நான் தட்டை விரலால் காட்டினேன்.

"தம்பி... நம்ம வாங்குன ஆட்டுக்கறிக்கும் கோடு விழலையே."

குனிந்து பார்த்தார். "அட, ஆமா! அக்கா, உங்களுக்குப் பேசவும் வருமா?"

"பாசி சரியா வேகல தம்பி. குழியில விட்ட சாறெல்லாம் அடியில கசிஞ்சு ஓடிருச்சு. ஊறவச்சுக் காய்ச்சணும்."

"அப்ப நீங்களே காய்ச்சுங்க. சீனிய மட்டும் போட்றாதீங்க."

ஊறவைத்து, ஒரு துகள்கூட மிஞ்சாமல் தண்ணீராகத் தெளியும்வரை காய்ச்சினேன். தட்டில் கெட்டியாக உறைந்தது. அவர் மறுபடி குழி வெட்டினார்.

அடுத்த நாள் காலை இரண்டு வெள்ளைக் கோடுகள். எங்கள் ஆட்டுக்கறியின் கோடும் கடைக்காரர் கறியின் கோடும் வளைந்து, நடுவே இடைவெளியே இல்லாமல் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அப்படிச் சேர்ந்தால் இரண்டும் ஒரே பொருள். மாட்டுக் குழிக்கு முன்னால் ஒன்றுமில்லை.

முடிவு ஆபீஸ் வழியாகத்தான் போகவேண்டும். நான் வாய்விடக் கூடாது. அன்றும் வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்த கடைக்காரர் என் முகத்தையே பார்த்தார்.

"சாயங்காலம் தாள் வரும்ணே" என்றேன். அவர் அசையவில்லை. "போய்க் கடையக் கழுவி வைங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.