கெர்னலுக்குத் தெரியாத கார்டு

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளைத் தாண்டும்போது சந்தன வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரும். எனக்குக் கம்ப்யூட்டர் ஞாபகம்தான் வருகிறது. இன்று காலையும் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

பண்டமாரானில், துறைமுகத்துக்குப் போகும் லோரிகளை எடை போடும் ஒரு சின்ன நிறுவனத்தில் அப்போது எனக்குப் புது வேலை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை வைத்தே எல்லா எடைமேடைகளையும் ஒரே கம்ப்யூட்டரில் இணைத்துக் காட்டுகிறேன் என்று முதலாளியிடம் சவடால் விட்டிருந்தேன். அதற்கென்று எட்டு வயர் செருகுகிற, யாரும் கேள்விப்படாத ஒரு கார்டு வந்து சேர்ந்தது. ஆயுத பூசை முடிந்த கையோடு, ஒரு கையில் சுண்டலை வைத்துக்கொண்டு அதைக் கம்ப்யூட்டருக்குள் செருகினேன். கெர்னல் கண்டுகொள்ளவே இல்லை.

கெர்னல் என்பது தோட்டத்துக் கங்காணி மாதிரி. கம்ப்யூட்டரைப் போட்டதும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் பெயர் கூப்பிட்டு வேலை கொடுக்கும். என் கார்டின் பெயர் அதற்குத் தெரியவில்லை என்று நானாக முடிவுகட்டி, அந்தப் பெயரையும் சேர்த்துக் கெர்னலைத் திரும்பத் திரும்பப் புதிதாகக் கட்டினேன். ஒரு தடவை கட்டி முடிக்க அரை நாள் போய்விடும். கண் எரியும், முதுகு வலிக்கும், பலன் மட்டும் இராது. வெளியே லோரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார்கள்.

“வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்குறேன். ஓடலன்னா பழைய சிஸ்டமே போதும்லா. நீயும் வேற எடம் பாத்துக்க,” என்றார் முதலாளி. அவர் சத்தம் போடாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது. வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை மதியம், இனி என்னால் ஆகாது என்று கார்டைக் கழற்றினேன். குப்பென்று சந்தன வாசனை. ஸ்லாட்டுக்குள் போகும் பொன்னிற விளிம்பில் சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பில் அடிக்கும் லெட்சுமி அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

“பூசைக்கு எல்லாத்துக்கும் வெச்சேன் தம்பி. இது மேசையில பையோட கெடந்துச்சு, வெளிய எடுத்து பளபளன்னு இருந்த எடத்துல வெச்சேன். ஒன் வேலை நெலைக்கணும்னு வேண்டிக்கிட்டுதான் வெச்சேன். ஏன், தப்பா?”

கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. அக்கா கொடுத்த ரப்பரால் தேய்த்துவிட்டு மறுபடி செருகினேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் கார்டின் பெயர் திரையில் வந்து நின்றது. புதுக் கெர்னலே தேவைப்பட்டிருக்கவில்லை.

“என்னா பிரச்சின?” என்று கேட்டார் முதலாளி.

“லூஸ் கனெக்‌ஷன், போஸ்.”

அக்கா தலை நிமிராமல் பில் அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த எடைமேடைகளைப் பெயர்த்து எடுத்து ரொம்பக் காலமாகிவிட்டது. லெட்சுமி அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது என் வேலையெல்லாம் எந்த நாட்டிலோ இருக்கும் கம்ப்யூட்டர்களில் நடக்கிறது. அவற்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. போன மாதம் ஆள்குறைப்பு என்று மின்னஞ்சல் வந்தபோது, எங்கள் மாடியில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் வேலை நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. எனக்கும் யாருக்காகவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.