கேட்காமல் விட்ட வீடு

கலாராணி டீச்சர் சின்ன உருவம். பிடிவாதம் மட்டும் ஊரளவு. கல்முனையில் கடலை நம்பிப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைகளும் பரதம் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். "மீன் வெட்டுற வீட்டுக்கு டான்ஸ் என்னத்துக்கு?" என்று கேட்டவர்களிடம், "ஏன், உங்கட வீட்டில மீன் தின்னாமலா ஆடுறாங்க?" என்று திருப்பிக் கேட்டாள். சனிக்கிழமைதோறும் மெயின் ரோட்டோரச் சங்க மண்டபத்தில் வகுப்பு. காசு வாங்கமாட்டாள்.

அங்கே அம்ஹாவும் வந்தாள். பத்து வயது, வகுப்பில் அவள் ஒருத்திதான் முஸ்லிம் பிள்ளை. தாய் ஸாலிஹா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். மற்றப் பிள்ளைகள் நிலத்தைத் தொட்டுக் கும்பிடும்போது அம்ஹா பேசாமல் நிற்பாள். டீச்சர் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. முழங்கால் மடக்கி அரைமண்டியில் இருந்தால் அம்ஹாவுக்குக் கால் வெடவெடக்கும், ஆனாலும் எழும்பமாட்டாள். அப்படியொரு வைராக்கியம்.

மழை தொடங்கியதும் கரைப் பிள்ளைகளின் வரவு குறைந்தது. மண்டபம் அவர்களுக்குத் தூரம். அந்த நேரம் பார்த்துக் கடலோரக் கோயில்காரர், "எங்கட மடத்தில வைச்சுப் படிப்பியுங்க" என்றதும் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. இடம் சரியா, நேரம் சரியா என்று வீடு வீடாகப் போய்த் தாய்தகப்பனிடம் கேட்டாள்.

ஸாலிஹாவின் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. கோயில் வளவுக்குள் அந்தப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு வீட்டார் அவளை ஆடவிடாமல் மறிக்கத்தானே போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது நியாயம் போலவும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மடத்தில் வகுப்புக் களைகட்டியது. இடைநடுவில் ஸாலிஹாவின் கோல் வந்தது. பூட்டிய மண்டபத்துக்கு முன்னால் தாயும் மகளும் நிற்கிறார்கள் என்று டீச்சருக்கு விளங்கிவிட்டது. ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகும் எடுக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். தட்டுக்கழி போட்டுத் தாளம் சொல்லும்போதெல்லாம் வரிசையில் அந்தப் பிள்ளை நிற்கவேண்டிய இடத்துக்கே கண் போனது. வெட்கமாக இருந்தது. மழைக்காலம் முடியும் மட்டும் பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. ஒருநாள் ஸாலிஹாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஸாலிஹா முகம் சுளிக்கவில்லை. கதிரை போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள்.

"பிழை என்னிலதான் ராத்தா" என்றாள் கலாராணி. "கோயிலெண்டபடியா உங்களுக்குச் சங்கடமெண்டு..."

"கோயிலுக்க எண்டா அனுப்பியிருக்கமாட்டன்தான் டீச்சர். ஆனா மண்டபம் இல்லாட்டி எங்கட மேல்மாடி சும்மாதானே கிடக்கு. எல்லாப் புள்ளையளும் வந்து ஆடட்டும் எண்டு சொல்லத்தான் அண்டைக்குக் கோல் எடுத்தன்."

வர வழியில்லை என்று கலாராணி முடிவுகட்டிய வீட்டில் எல்லாருக்கும் இடம் இருந்திருக்கிறது.

"இந்தக் கிழமையே இங்க வைப்பம்" என்றாள் கலாராணி. "அம்ஹாவக் கூப்பிடுங்க."

அம்ஹா வந்து தாயின் பின்னால் நின்றாள். முன்போல ஓடிவரவில்லை.

"எல்லார்ட வீட்டுக்கும் போய்க் கேட்டீங்களாம். எங்கட வீட்டுக்கு ஏன் வரல்ல?"

பிள்ளையிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "நீங்க இனி வரமாட்டீங்க எண்டு நானே நினைச்சிட்டன் மகள்."

அம்ஹா விளங்காமல் அவளைப் பார்த்தாள்.

"நான் ஒவ்வொரு கிழமையும் வந்தன்தானே, டீச்சர்."