இறக்கையில் இரண்டு குழாய்கள்

என் கணவர் விமானப்படையில் இருந்தவர். பறந்தவர் இல்லை, சண்டை விமானங்களில் துப்பாக்கியைப் பொருத்தி, தோட்டாப் பட்டையை ஏற்றி அனுப்புகிற வேலை. ஓய்வு பெற்று வந்து, எங்கள் ஊர்க் கூட்டுரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்தார்.

அந்த வருடம் ஆயுத பூஜை ஊர்வலத்துக்கு, டிராக்டர் டிரெய்லரில் வைத்து இழுக்க ஒரு பழைய காலத்துச் சண்டை விமானம் செய்துதரச் சொல்லி ஊரில் கேட்டார்கள். வெளிநாட்டுக் கண்காட்சிகளில் அந்தக் கால விமானம் போலவே செய்து, துப்பாக்கிக்குப் பதிலாக நெருப்பும் சத்தமும் மட்டும் வரவைப்பார்கள் என்று அவர் முகாமில் கேள்விப்பட்டிருந்தார். அதையே செய்ய ஆசைப்பட்டார். தகரத்தில் உடம்பு, மூங்கிலில் இறக்கை, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு குழாய். பட்டறையின் கார்பைடு வாயுவை உள்ளே விட்டுப் பொறி வைத்தால், குழாயின் வாயில் நெருப்பு கக்கி ‘டொப்’பென்று வெடிக்கும். கல்வராயன் மலையில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வரும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது.

ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை.

“ஒண்ணொண்ணா வருது. கோத்தாப்புல வரணும்” என்பார். சாப்பிடும்போது மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு வாயாலேயே ‘டடடட’ என்று சுட்டுக் காட்டுவார். அவள் சிரிப்பில் சோறு சிதறும்.

“நெஜத் துப்பாக்கிய ஏத்தி அனுப்புனவருக்கு இந்தப் பொய்த் துப்பாக்கி இன்னாத்துக்குங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது போயி யாரு மேல பட்டுச்சோ, எனக்குத் தெரியாது. இது யாரு மேலயும் படாது” என்றார்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. புளியமரங்களை வெட்டிக் கூட்டுரோட்டின் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றுபோனது. மறியலில் இருந்தவர்கள் எங்கள் சொந்தபந்தங்கள்தான். அவரையும் கூப்பிட்டார்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

“இன்னிக்கி எவனும் வேல கொண்டாரமாட்டான். அந்தக் கொழாய முடிச்சிட்டு வந்துர்றேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

மதியம், பக்கத்து வீட்டு அக்காவோடு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். கூட்டுரோட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி இல்லாமல்.

“உம் வூட்டுக்காரரு ஜெயிச்சிட்டாரு, போ” என்றார் அக்கா.

எனக்கும் சிரிப்பு வந்தது. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து ரவையை வறுத்தேன். அவருக்குக் கேசரி பிடிக்கும்.

சர்க்கரை போடும்போது ஒருவர் சைக்கிளைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். பட்டறைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர்.

“போலீஸு சுட்டுட்டாங்கம்மா. அண்ணனுக்கு மார்ல பட்டுடுச்சு.”

“இல்லீங்க, அது துப்பாக்கி இல்ல. அவரு செஞ்சிக்கினு இருந்தாரே, அந்த வெடிங்க” என்றேன். நான் இன்னொரு முறையும் சொன்னேன். கேசரி அடிபிடிக்கும் வாசனை வந்தது. அக்காதான் போய் இறக்கி வைத்தார்.

வெட்டிப் போட்ட மரங்களைப் போட்டவர்களே புரட்டி வழிவிட, அவரைக் கட்டை வண்டியில் கொண்டுவந்தார்கள். சுட்டது எதற்காக, யார் சொல்லி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு நைனார்பாளையத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இட ஒதுக்கீடும் வந்தது. போராட்டத்தில் உயிர் விட்டவர்களோடு அவர் படத்தையும் பேனரில் வைத்தார்கள். அவர் மறியலுக்குப் போகவே இல்லை என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

சில வருடம் கழித்து ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். களமருதூர்க்காரர், கரும்பு வெட்டும் கூலி. திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்.

“அன்னிக்கிப் பட்டறைக்குப் பின்னால சந்துல வந்துக்கினு இருந்தேம்மா. சத்தம் கேட்டுச்சு. பட்டறச் சத்தந்தான்னு நெனச்சி ரோட்டுக்கு வந்து வேடிக்க பாத்துக்கினு நின்னேன். அவருதான் உள்ளேருந்து ஓடியாந்தாரு. ‘யோவ், இது நெஜம், படுய்யா’ன்னு என்னப் புடிச்சித் தள்ளுனாரு. நான் வுழுந்தேன். அவரு நின்னுக்கினு இருந்தாரு.”

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, இவர் யார் என்று என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அவருக்கும் இலை போட்டேன். தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு அவர் கடைசி பஸ்ஸுக்குப் போனார்.